கூப்பிட்டால் வராத ஹஸ்கி: மின்பட்டி தேவையா?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 3

சுன்னாகத்திலிருந்து எழுதுகிறேன். ஒன்றரை வயது ஆண் ஹஸ்கி நாய். வீட்டுக்குள் சொன்னதெல்லாம் கேட்கிறது. படலை ஒரு சாண் திறந்தால் போதும், ஒழுங்கை முனையில்தான் வால் தெரியும். கூப்பிடக் கூப்பிட இன்னும் வேகமாக ஓடுகிறது. இந்த இனத்துக்குக் கூப்பிட்டால் வரும் குணமே கிடையாது, மின்சாரக் கழுத்துப்பட்டி ஒன்றுதான் வழி என்று விற்றவர் சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவிடம் சொல்லி ஒன்று எடுப்பிக்கலாமா? உங்களிடமும் ஒரு ஹஸ்கி நிற்கிறதாமே.

மார்ச் 3, இரவு

அண்ணாவின் காசு அவரிடமே இருக்கட்டும்.

என்னிடம் நிற்பது நான் விரும்பி வாங்கிய நாய் அல்ல. மருமகன் ஆசைப்பட்டுக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தான், சூரன் என்று பெயரும் வைத்தான், விசா வந்ததும் கனடாவுக்குப் போய்விட்டான். அவன் பனி கொட்டும் ஊரில் இருக்கிறான். பனிநாய் உரும்பிராயில் என்னோடு நிற்கிறது.

விற்றவர் சொன்னதில் பாதி சரி. சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் வளர்த்த இழுவை நாய் இது. அதன் வேலை முன்னால் ஓடுவது. மனிதன் பின்னால் சறுக்குவண்டியில் வருவான். அடிக்கடி திரும்பி எசமானின் முகத்தைப் பார்க்கும் வேலை மந்தை மேய்க்கும் நாய்க்கு உண்டு, இதற்கு இல்லை. பின்னாலிருந்து ஒருவர் கத்திக்கொண்டு ஓடிவந்தால் இது உற்சாகமாகத்தான் ஓடும்.

மற்றப் பாதி வியாபாரம். ஓடுகிற நாய்க்கு மின்சாரம் பாயும் கணத்தில் அது எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு செய்துவிடக்கூடும். ஒழுங்கையில் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தால்? வேல்ஸ் நாட்டில் 2010 இலேயே இந்தப் பட்டியைச் சட்டத்தால் தடை செய்துவிட்டார்கள். நாம் அதைப் பார்சலில் எடுப்பிக்க நிற்கிறோம்.

மார்ச் 4

"அப்படியென்றால் என்ன செய்வது?" என்று காலையிலேயே கேட்டிருக்கிறீர்கள். முதலில் கூப்பிடுவதை நிறுத்துங்கள். பகிடி இல்லை. வராது என்று தெரிந்துகொண்டே கூப்பிடுகிற ஒவ்வொரு முறையும், அந்தச் சத்தத்தைக் காதில் போடத் தேவையில்லை என்று நாய்க்கு நீங்களே படிப்பிக்கிறீர்கள்.

மார்ச் 10

கூப்பிடுவதும் சீட்டுப் போலத்தான். மாதாமாதம் கட்டியவன்தான் எடுக்கலாம். ஒன்றும் கட்டாமல், நாய் காங்கேசன்துறை வீதியில் ஏறியபின் முழுத் தொகையையும் கேட்டால் யார் தருவார்கள்?

கட்டுவது இப்படி. வீட்டுக்குள், நாய்க்கு வேறு வேலை இல்லாத நேரத்தில், இரண்டு அடி தூரத்தில் நின்று கூப்பிடுங்கள். வந்தவுடன் வாயில் ஏதாவது நல்லது. பிறகு விறாந்தையிலிருந்து. பிறகு முற்றத்தில், பிறகு கிணற்றடியிலிருந்து. ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும். வராவிட்டால் நீங்கள் அவசரப்பட்டிருக்கிறீர்கள், தூரத்தைக் குறையுங்கள்.

"வா" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். நம் வீடுகளில் விடிந்தது முதல் யாரையாவது வா வா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். நாய்க்கு அது மின்விசிறிச் சத்தம் போல ஆகியிருக்கும். ஏற்கெனவே கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கெட்டுப்போன சொல்லைத் திருத்துவதைவிடப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது இலகு. நான் ஊதுகுழல் வாங்கினேன். அதற்குக் கோபம் தெரியாது, தொண்டை கட்டாது, மனைவி ஊதினாலும் நான் ஊதினாலும் ஒரே சத்தம்.

மார்ச் 11

ஊதுகுழல் பற்றி ஒரு பிற்குறிப்பு. பக்கத்தில் பள்ளிக்கூட மைதானம் இருந்தால் கவனம். மாலையில் உதைபந்தாட்டப் பயிற்சி தொடங்கி நடுவர் ஊதியதும் சூரன் படலையடியில் போய் நின்று எச்சில் விட்டான். இப்போது என்னுடையது இரண்டு குறில், ஒரு நெடில். எந்த நடுவரும் அப்படி ஊதமாட்டார்.

மார்ச் 24

இன்று எழுத வந்தது வேறு. பேக்கரி ஓட்டோ.

நாடு முழுவதும் பாண் விற்கும் ஓட்டோக்கள் பீத்தோவனின் அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு வருவது எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஒழுங்கைக்கு வருபவர் நல்ல மனிதர், நாய் என்றால் பிரியம். மீன் பணிஸில் உடைந்தது ஏதும் இருந்தால் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு துண்டு நீட்டுவார். விளைவு: சந்தியில் மெட்டுக் கேட்கும்போதே சூரன் எங்கே நின்றாலும் எழும்பி விடுகிறான். முன்கால் இரண்டையும் கதியாலில் ஊன்றி, காதுகளை முன்னே தள்ளி, மூச்சு வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டு நிற்கிறான். தோண்டிக்கொண்டிருந்த கிடங்கை அப்படியே விட்டுவிட்டு வருகிறான். காகம் கண்முன்னே வந்து இருந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கூப்பிட்டால் வராத இனமா இது? பேக்கரிக்காரர் அவனுக்கு ஒன்றும் பழக்கவில்லை. அவர் செய்யாதவற்றைப் பாருங்கள். அந்த மெட்டைப் போட்டுவிட்டு அவர் ஒருநாளும் அவனைக் குளிப்பாட்டவில்லை, சங்கிலியில் கட்டவில்லை, தாமதமாக வந்ததற்கு ஏசவில்லை. மெட்டு வந்தால் பணிஸ் வரும். மனிதரில் யாருக்கு இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது?

மார்ச் 25

கொக்குவில் தம்பி ஒருவர் கீழே "இது பாவ்லோவின் மணி" என்று எழுதியிருக்கிறார். சரி தம்பி. மணி அடித்துத் தீனி கொடுத்துக் கொடுத்து, மணிச் சத்தத்துக்கே நாயின் வாயில் எச்சில் ஊற வைத்த ரஷ்ய விஞ்ஞானி அவர். ஆனால் பாவ்லோவின் நாய்கள் ஆய்வுகூடத்தில் கட்டியிருந்தவை. நம்முடையது தோட்டவெளியில் கீரிப்பிள்ளையின் பின்னால் ஓடும்போது எச்சில் ஊறினால் மட்டும் போதாது, திரும்பவும் வேண்டும்.

ஏப்ரல் 7

கயிறு. இதைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். வீட்டில் வருகிறது, முற்றத்தில் வருகிறது, இனி அவிழ்த்து விடலாம் என்று நினைக்கிறார்கள். இடையில் ஒரு நீண்ட காலம் இருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் பத்து மீற்றர் கயிறு நிலத்தில் இழுபட வேண்டும். இழுத்துக் கொண்டுவருவதற்கு அல்ல. வராமல் ஓடினால் தானாகவே கிடைக்கும் சந்தோஷத்தை மறுப்பதற்கு.

கயிற்றைக் கழுத்துப்பட்டியில் மாட்டாதீர்கள். ஆண் ஹஸ்கி இருபதிலிருந்து இருபத்தேழு கிலோ வரை வரும். அது முழு வேகத்தில் ஓடிக் கயிற்றின் முடிவில் நின்றால் கழுத்து என்னத்துக்கு ஆகும்? நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டிதான் வேண்டும். உங்கள் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். மாட்டுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், விரல் போன கதை ஒன்றாவது சொல்வார்கள்.

நேரம்: விடிய ஆறு மணிக்கு முன். இந்தச் சித்திரை வெயிலில் இரட்டை மயிர்ப் போர்வை உள்ள நாயைப் பத்து மணிக்கு ஓடவிடுவது பயிற்சி அல்ல, கொலை. தார் வீதியில் புறங்கையை ஐந்தாறு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வைக்கக்கூடாது. மூச்சு இரைத்து, பல்முரசு கடும் சிவப்பாகி, கால் தடுமாறினால் உடனே நிழல், கிணற்றுத் தண்ணீர், காற்று, அதோடு மிருக வைத்தியர். மயிரை வழித்துவிட்டால் குளிர்ச்சி என்று சலூன்காரரிடம் கொண்டுபோகிறவர்களுக்கு: வேண்டாம். உள்மயிரைச் சீவி எடுங்கள், போதும். மேல்மயிர் வெயிலைத் தடுக்கிறது.

ஏப்ரல் 9

என்ன கொடுப்பது என்று நாலு பேர் கேட்டிருக்கிறார்கள். சூரனுக்குக் கோழி ஈரல். அவித்து, சிறு துண்டாக நறுக்கி, வெயிலில் காய வைப்பேன். காகத்துக்குப் பங்கு உண்டு, தவிர்க்க முடியவில்லை. நெத்தலிக் கருவாடும் நல்லது, ஆனால் தண்ணீரில் ஊறவிட்டு உப்பை எடுக்க வேண்டும்.

சிக்கல் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் அன்று மச்சம் இல்லை. நாய்க்கென்றாலும் இல்லை என்பது மனைவியின் தீர்ப்பு, மேன்முறையீடு கிடையாது. அவித்த கடலை கொடுத்தேன். வந்தான். நடந்து வந்தான். ஈரலுக்கு ஓடிவருகிறவன் கடலைக்கு உலாவி வருகிறான் என்றால் கூலியை அவன் கணக்குப் பார்க்கிறான் என்று அர்த்தம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் சீஸ் துண்டு. அதற்கு ஓட்டம் உண்டு.

முந்திரிகைப் பழம் (திராட்சை) கொடுக்கலாமா, எங்கள் தோட்டத்தில் நிறைய உதிர்கிறது என்று கேட்டவருக்கு: கூடாது. ஒரு பழமும் கூடாது. நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அதிலுள்ள தார்தாரிக் அமிலமே காரணம் என்று இப்போது வைத்தியர்கள் கருதுகிறார்கள். அதே அமிலம் புளியிலும் இருக்கிறது, ஆகவே மீன்குழம்புச் சோற்றை வழித்துப் போடும் பழக்கத்தையும் யோசியுங்கள். வெங்காயமும் ஆகாது. முந்திரிகைக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பேர்போன மண்ணில் நாய் வளர்ப்பவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மே 19

மானிப்பாயிலிருந்து ஒருவர்: "என் ஹஸ்கி இப்போது நூற்றுக்கு நூறு வருகிறது. கயிற்றை எறிந்துவிட்டேன்."

எறிந்த கயிற்றைப் போய் எடுத்து வாருங்கள். இது வைகாசி. இந்த வெயிலில் உங்கள் நாய்க்கு ஓட விருப்பமில்லை, நிழலில் நிற்கும் உங்களிடம் வர விருப்பம். அதைப் பயிற்சியின் பலன் என்று எழுத வேண்டாம். மாரி தொடங்கி வாடைக் காற்று அடிக்கும்போது இதே பக்கத்தில் சந்திப்போம்.

ஜூன் 2

கொஞ்சம் வழிமாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோகோ என்று ஒரு ஹஸ்கி. அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் லியன்ஹார்ட் செப்பாலா என்ற சறுக்குவண்டிக்காரரிடம் 1913 இல் பிறந்தது. குட்டியிலேயே படு குழப்படி. செப்பாலா பொறுக்கமாட்டாமல் இன்னொருவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். குட்டி அந்த வீட்டுக் கண்ணாடி யன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்து மைல்கணக்கில் ஓடிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. 1925 இல் நோமில் டிப்தீரியா பரவியபோது மருந்தைக் கைமாற்றிக் கைமாற்றி நாய்வண்டிகளில் கொண்டுவந்தார்கள். அதில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடிய அணிக்கு முன்னால் நின்றது டோகோ, அப்போது ஏறத்தாழப் பன்னிரண்டு வயது. போக வர ஏறத்தாழ 420 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போவதைவிடச் சற்றுக் கூட. நியூயோர்க் பூங்காவில் சிலை கிடைத்தது கடைசித் துண்டு ஓடிய பால்ட்டோவுக்கு. அது வேறு வயிற்றெரிச்சல்.

எனக்கு இதில் பிடித்தது யன்னல். ஓடிப்போகும் குணமும் ஓடிவரும் குணமும் ஒரே நாயில்தான் இருந்தன. டோகோ தப்பியது தனக்கு வேலை கிடைக்கும் இடத்துக்கு. வளவுக்குள் நாள் முழுக்கச் சும்மா கிடக்கும் நாய் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன அதிசயம்? நான் விடியற்காலையில் சைக்கிளோடு கட்டி ஓட விடுகிறேன், சில நாள் பழைய ரயர் ஒன்றை இழுக்க விடுகிறேன். அக்கம்பக்கத்தார் நான் நாயைச் சித்திரவதை செய்கிறேன் என்கிறார்கள். ரயரைக் கண்டால் அவன் துள்ளும் துள்ளலை அவர்கள் வந்து பார்க்கட்டும்.

ஜூலை 14

சுன்னாகத்தவர் திரும்பி வந்திருக்கிறார். நல்ல செய்தி: நாய் கூப்பிட்டால் வருகிறது. கெட்ட செய்தி: கை நீட்டும் தூரத்துக்குச் சற்று வெளியே நின்று கூத்தாடுகிறது.

வருவது ஒரு பாடம், பிடிபடுவது இன்னொரு பாடம். கூப்பிட்டு, பிடித்து, சங்கிலி போட்டு, உள்ளே தள்ளிப் பூட்டினால் நாய் என்ன கற்கும்? கை வந்தால் விளையாட்டு முடிந்தது. அதனால் கழுத்துப்பட்டியைத் தொடுவதைத் தனியே பழக்குங்கள். இடக்கையால் பட்டியைப் பிடித்து, பிடித்தபடியே வலக்கையால் ஈரல், பிறகு "போ" என்று விட்டுவிட வேண்டும். தீனியை உங்கள் முழங்காலோடு ஒட்டிக் கொடுங்கள். கையை நீட்டிக் கொடுத்தால் நாய் அந்தத் தூரத்திலேயே நிற்கப் பழகும்.

அந்தப் "போ" தான் இதில் பெரிய கூலி. டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் காட்டியது இது: பிடித்த காரியத்தைச் செய்ய விடுவதையே, பிடிக்காத காரியத்துக்குப் பரிசாக வைக்கலாம். ஹஸ்கிக்கு ஓட்டத்தைவிடப் பிடித்தது எது? கூப்பிடுகிறீர்கள், வருகிறது, கூலியாக மறுபடி ஓட விடுகிறீர்கள். பெரும்பாலான கூப்பிடுதல்கள் இப்படி முடிய வேண்டும். வீட்டுக்குப் போகும் கடைசிக் கூப்பிடுதல் எது என்று அதற்குத் தெரியவே கூடாது.

நம் அம்மம்மாமார் சொல்லும் முறை வேறு: கூப்பிட்டு வராத நாய்க்கு, வந்தபிறகு நாலு போடு. வந்ததற்கு அடி என்றால் இனி ஏன் வரும்? மனிதப் பிள்ளைகளிலும் இதைப் பரீட்சித்துப் பார்த்திருக்கிறோம்.

ஓகஸ்ட் 18

நல்லூர்த் திருவிழாக் காலம். கொடி ஏறினால் தீர்த்தம் வரை எங்கள் சமையலறையில் மச்சம் இல்லை. ஈரல் கிணற்றடிக்குப் பின்னால் செங்கல் அடுப்பில், தனிச் சட்டியில் அவிகிறது. அந்தச் சட்டி வீட்டு வாசலைத் தாண்டாது என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

வேலி பற்றிக் கேட்டவர்களுக்கு. கிடுகு வேலி ஹஸ்கிக்குத் திரைச்சீலை. கதியால்களுக்கு இடையில் மூக்கை நுழைத்தால் உடம்பு தானாக வரும். மதில் கட்டினால் அடியால் தோண்டும், எங்கள் செம்மண்ணில் அது விளையாட்டு வேலை. வேலி அடியில் கம்பிவலையை உள்பக்கமாக ஒரு முழம் மடித்து நிலத்துக்குக் கீழே புதையுங்கள். நாய் வேலியோடு ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டியதும் விட்டுவிடும். பின்னால் தள்ளி நின்று தோண்ட வேண்டும் என்று இதுவரை சூரனுக்குத் தோன்றவில்லை. இதை அவனுக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

அதைவிட முக்கியம் படலைக்கு உள்ளே இன்னொரு படலை. மின்மானி பார்க்க வருபவர், கீரை கொண்டுவரும் அம்மா, கலியாண அழைப்போடு வரும் உறவினர், எவரும் படலையைச் சாத்துவதில்லை. அவர்களைத் திருத்துவதைவிட இரண்டாம் படலை போடுவது மலிவு.

கோழி விஷயம்: போன கிழமை இரண்டு. அயலவருடையவை. இரண்டும் முட்டையிடும் கோழிகள், அந்த ஊரிலேயே சிறந்தவை என்று செத்தபின்புதான் எனக்குத் தெரியவந்தது. கேட்ட விலையைக் கொடுத்தேன். இந்த நாய்க்கு வேட்டைக் குணம் போகாது. ஓடும் கோழியின் பின்னால் இருக்கும் நாயைத் திருப்பி அழைக்கும் ஊதுகுழல் என்னிடம் இல்லை.

நவம்பர் 3

தீபாவளி வெடி. அந்த இரவில் பலருடைய நாய்கள் ஓடியிருக்கின்றன, ஹஸ்கி மட்டும் அல்ல. பயந்து ஓடும் நாய்க்குப் பயிற்சி ஒன்றும் காதில் ஏறாது. இருட்டும் முன் உள்ளே எடுத்து, யன்னலைச் சாத்தி, வானொலியைச் சத்தமாக வையுங்கள். கழுத்துப்பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதிய தகடு, விசர்நாய்த் தடுப்பூசி அட்டை கையில். யாரையாவது கடித்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

சூரன் உள்ளேதான் இருந்தான். மறுநாள் காலை, ஊர் அமைதியான பிறகு, பால்காரர் திறந்த வழியால் நிதானமாக வெளியேறினான். இரண்டாம் படலையும் திறந்து கிடந்தது. ஊதினேன், தோட்டவெளியின் நடுவில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ஓடிப் பிடிக்கப் போகவில்லை. துரத்தினால் அது அவனுக்கு ஓட்டப்பந்தயம், அதில் வெல்ல எனக்கு வயதும் இல்லை. பின்பக்கம் திரும்பி வீட்டை நோக்கி நடந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பி அதற்குள் தன் ஓட்டோவை இயக்கிப் பின் இருக்கைப் பக்கத்தைத் தோட்டத்தை நோக்கி நிறுத்தினார். சூரனுக்கு ஓட்டோச் சவாரி என்றால் உயிர். மிளகாய்க் கன்றுகளை மிதித்துக்கொண்டு வந்து, ஏறி, பயணி போல நிமிர்ந்து இருந்தான். சந்திவரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தோம். சவாரி கொடுக்காமல் நேரே கட்டியிருந்தால் அடுத்த முறை ஏறமாட்டான்.

மிளகாய்த் தோட்டக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

நவம்பர் 24

மானிப்பாய்க்காரர் வந்துவிட்டார். மழைவிட்ட ஒரு காலையில் அவருடைய நூற்றுக்கு நூறு, தண்டவாளத்தோரமாகக் கோண்டாவில் வரை போயிருக்கிறது. ரயில் நேரம் அல்ல, தப்பியது. நான் சொன்னேனே என்று எழுத ஆசைதான். ஆனால் சூரனும் இந்தக் குளிரில் வேறு நாய் ஆகிவிட்டான். வாடை அடிக்கிறது, நிலம் ஈரம், மணமெல்லாம் எழும்பி நிற்கிறது. கிணற்றடியிலிருந்து ஊதினாலே யோசித்துவிட்டுத்தான் வருகிறான். ஆகவே மீண்டும் விறாந்தை, மீண்டும் ஈரல், மீண்டும் கயிறு. கோடையில் நன்றாக வந்த நாய் மாரியில் பின்னுக்குப் போனால் பயப்படாதீர்கள், தூரத்தைக் குறைத்து அதே பாடத்தை நடத்துங்கள்.

கடைசியில் அவிழ்த்து விடலாமா, முடியாதா என்று டென்மார்க் அக்கா கேட்டிருக்கிறார். மார்ச்சில் கேட்டிருந்தால் பழக்கினால் முடியும் என்றிருப்பேன். இப்போது என் பதில்: சுற்றிவர அடைத்த வளவுக்குள் விடலாம், தெரு இருக்கும் இடத்தில் எந்நாளும் விடமாட்டேன். அப்படியென்றால் பழக்கி என்ன பயன் என்கிறீர்கள். படலை திறந்து கிடக்கும் காலைகளில் பத்துக்கு ஏழு தடவை திரும்பி வரும் நாய்க்கும், ஒரு தடவையும் வராத நாய்க்கும் இடையில் லொறி ஒன்று வந்துகொண்டிருக்கிறது. அதற்குத்தான்.

டிசம்பர் 8

கொடிகாமத்தில் ஹஸ்கிக் குட்டி வாங்கப் போகும் தம்பிக்கு: வாங்காதீர்கள். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் வேலி, பிறகு குட்டி.

கயிறு எங்கே வாங்குவது என்பதற்கு: செல்லப்பிராணிக் கடையில் தேட வேண்டாம். ஆடு மாடு கட்டும் சாமான் விற்கும் கடையில் பட்டையான நைலோன் நாடா மீற்றர் கணக்கில் வெட்டித் தருவார்கள். உருண்டைக் கயிறு கையை அறுக்கும், தும்புக் கயிறு மழையில் ஊறிப் பாரமாகும். கொழுக்கி பித்தளையில் எடுங்கள். இரும்பு நம் உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஒருநாள் கயிறு உங்கள் கையிலும் நாய் கோப்பாயிலும் நிற்கும்.